பெயரோடு போன ஜெபக்குறிப்பு

கர்த்தருக்குள் அன்பானவர்களே, என் பெயரைக் கடைசியில் சொல்கிறேன். ஏன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும்.

எனக்கு இருபத்தாறு வயது. சாத்தான்குளம் பக்கம் சொந்த ஊர். மூன்று வருடமாக ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. பதினான்கு வயதிலிருந்து என் மார்பு பெண்பிள்ளைகளுக்கு இருப்பதுபோல் எடுப்பாகிவிட்டது. ஒல்லியான ஆள்தான், அது மட்டும் வற்றவேயில்லை. சித்திரை வெயிலிலும் யூனிபார்முக்குள் இறுக்கமாக இரண்டு பனியன் போடுவேன். ரூமில் மற்றவர்கள் துண்டோடு திரிவார்கள். நான் குளியலறைக்குள்ளேயே சட்டை மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவேன்.

இந்த வருடம் பெர்மனென்ட் ஆக்குவதற்கான பட்டியலில் என் பெயர் வந்தது. சந்தோஷப்படவேண்டிய நான் சோறு இறங்காமல் கிடந்தேன். மெடிக்கல் செக்கப்பில் சட்டையைக் கழற்றி வரிசையாக நிற்கச் சொல்வார்களாம். ஆபரேஷன் செய்துகொண்டால் என்ன என்று போனில் தேடிக்கொண்டே இருந்தேன். கத்தி என்றால் பயம். வீட்டில் எப்படிச் சொல்வது என்று அதைவிடப் பயம்.

ஸ்டீபனிடம் மட்டும் சொன்னேன். ஒரே ரூம், ஒரே ஊர்ப்பக்கம், ஞாயிறு ஆராதனையில் ஒரே பாய். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "நான் ஒனக்காவ ஜெபிக்கேம்ல" என்றான். பன்னிரண்டு வருடப் பாரம் இறங்கியதுபோல் அன்று தூங்கினேன்.

நம் வழக்கம் உங்களுக்கே தெரியும். ஒருவருக்குக் கஷ்டம் என்றால் ஜெபக்குறிப்பாக வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். மறுநாள் காலை ஸ்டீபனும் வாய்ஸ் போட்டிருந்தான். என் பெயர், என் ஊர், கம்பெனியில் நான் நிற்கும் லைன், என் மார்பு, ஆபரேஷன் பற்றி நான் சொன்னது எல்லாம் அதில் இருந்தது. குழுவில் வரிசையாக ஆமென் போட்டார்கள். ஆமென் போட்ட யாரோ ஒருவர் அதை வெளியேயும் அனுப்பிவிட்டார்.

ஷிப்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்தது மத்தியானம், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறிய பிறகு. பின்சீட்டில் யாரோ ஸ்பீக்கரில் போட்டார்கள். ஸ்டீபனின் அழுகைக் குரல், அதில் என் பெயர். சிரித்தார்கள். திரும்பப் போட்டார்கள். "மச்சி, நீ லேடீஸ் சீட்ல போய் குந்துடா" என்று ஒருவன் கத்தினான்.

செத்துவிடலாம் போல இருந்தது. அவர்கள் சிரித்ததைக்கூடத் தாங்கியிருப்பேன். அந்தக் குரல் ஸ்டீபனுடையது என்பதைத்தான் தாங்க முடியவில்லை. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். செக்கப்பும் வேண்டாம், வேலையும் வேண்டாம், இன்றே ஊருக்குப் போகிறேன் என்று முடிவு செய்தேன். கடைசியாக ஒரே ஒரு ஜெபம் செய்தேன்: "ஆண்டவரே, இந்த பஸ்ஸில் சிரிக்காத ஒரு ஆளைக் காட்டும்."

பஸ் சட்டென்று நின்றது. டிரைவர் குமார் அண்ணன் எழுந்து பின்னால் வந்தார். "இன்னாங்கடா, சினிமாவா ஓடிகினு கீது? ஆப் பண்றியா, எறங்கி நடக்கிறியா?" என்றார். சத்தம் அடங்கிவிட்டது.

என் ஸ்டாப்பில் நான் கடைசியாக இறங்கும்போது என்னை நிறுத்தினார். தன் யூனிபார்ம் பட்டனைக் கழற்றினார். இரண்டு பக்கமும் மார்புக் காம்பின் ஓரத்தில் மெல்லிய தழும்பு.

"பார்த்துக்கோ தம்பி. எனக்கும் இதான் இருந்திச்சி. வல்லக்கோட்டை முருகனுக்குக் காவடி வேண்டிகினேன். காவடின்னா சட்டை போட முடியுமா? பத்து வருசம் முருகனை ஏமாத்திகினே இருந்தேன். அப்புறம்தான் டாக்டராண்ட போயி ஆபரேஷன் பண்ணிகினேன், இப்ப வருசா வருசம் காவடி எடுக்கிறேன். நீ போன்ல பார்க்குற கிளினிக்குக்கெல்லாம் ஓடாத. மொதல்ல என்னாண்ட வா, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

லீவு போட்டுக்கொண்டு கூடவே வந்தார். டாக்டர் கை வைத்துப் பார்த்தார், ரத்தமும் ஸ்கேனும் எடுத்தார். கெட்ட கட்டி ஒன்றும் இல்லை, உயிருக்கு ஆபத்தில்லை, ஆபரேஷன் வேண்டுமானால் செய்யலாம், அவசரமில்லை என்றார். "இந்தப் பிரச்சினையோடு நிறைய ஆண்கள் என்னிடம் வருகிறார்கள்" என்று அவர் சொன்னபோது அங்கேயே தேம்பி அழுதேன்.

செக்கப் நாளில் சட்டையைக் கழற்றினேன். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்தார், "நெக்ஸ்ட்" என்றார். அவ்வளவுதான். இன்று நான் பெர்மனென்ட். இப்போது ஒரே பனியன்தான் போடுகிறேன். ஆபரேஷனைப் பற்றி இன்னும் யோசிக்கிறேன். ஆனால் வெட்கத்தில் யோசிக்கவில்லை, நிதானமாக யோசிக்கிறேன். கூப்பிட்ட அந்த நிமிடமே கேட்டவருக்கு, கோயிலுக்குக் காவடி எடுப்பவர் வழியாகக்கூட எனக்குத் துணை அனுப்பியவருக்கு ஸ்தோத்திரம்.

ஸ்டீபனைக் கேட்டேன். "ஜெபத்துக்குத்தாம்ல போட்டேன். பேரு சொல்லலேன்னா ஆண்டவருக்கு எப்படில தெரியும்?" என்றான். தாயின் கருவில் என்னை உருவாக்கினவருக்கு என் பெயர் தெரியாதாம்! நான் ரூம் மாறிவிட்டேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் இந்தச் சாட்சிப் பத்திரிகைக்கு நன்றாக இருக்கும். ஆனால் சாட்சியில் பொய் சொல்லமாட்டேன். மன்னிக்கும் மனதுக்காகவும் தினம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என்னைப்போல் மறைத்துக்கொண்டு வேகிற தம்பிகளே, அவரை நம்பிக் கேளுங்கள், டாக்டரிடமும் போங்கள். மற்றவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்களை நம்பி யாராவது ஒன்று சொன்னால், போனைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் நில்லுங்கள்.

அன்று என் பெயரை என்னைக் கேட்காமல் சொன்னார்கள். இன்று நானே சொல்கிறேன். என் பெயர் சாமுவேல்.