காலையில் மட்டும் மக்கர்

அப்பாவின் வலது கையை எங்கள் மோட்டார் காரே உடைத்தது. அந்தக் காலத்துக் கார்களின் முன்பக்கத்தில் ஒரு ஹேண்டிலைச் செருகி, கையால் சுற்றித்தான் என்ஜினை எழுப்ப வேண்டும். சுற்றுவதற்கு முன்னால் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சின்ன நெம்புகோலைப் பின்னுக்குத் தள்ளிவைக்க வேண்டும். மறந்தால் ஹேண்டில் திருப்பி அடிக்கும். அப்பா ஒரே ஒரு நாள் மறந்தார். எலும்பு கூடியது, வலு திரும்பவில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்க முடிந்தது. ஹேண்டிலைச் சுற்ற முடியவில்லை.

அப்பாவுடையது வாடகைக் கார். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்குகிறவர்களை ஊருக்குள் கொண்டுவந்து விடுவார். அங்கே ஹேண்டில் போட்டுக் கொடுக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தேக்காவில், மாட்டுத் தொழுவங்களுக்குப் பின்னால் இருந்த எங்கள் சந்தில், யாரிடமும் போய் உதவி கேட்க அப்பாவுக்கு வாய் வராது. அதனால் விடிகாலையில் காரைக் கிளப்பும் வேலை அம்மாவுக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு அப்போது ஏழு வயது இருக்கும். சந்து விழித்துக்கொள்வதற்கு முன்பே அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்கு முன்னால் நிற்பாள். அப்பா உள்ளே உட்கார்ந்து நெம்புகோலைத் தள்ளிவிட்டு, “கட்டை விரலை மடக்காதே, மடக்காதே” என்று கெஞ்சுவார். ஹேண்டில் திருப்பி அடித்தால் மடக்கிய விரல்தான் முதலில் போகும். இரண்டு மூன்று இழுப்பில் கார் உறுமும். பிறகு அம்மாவும் காரில் ஏறிக்கொள்வாள். இருவரும் குதிரைப் பந்தயத் திடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார்கள். அம்மாவை வாசலில் இறக்கிவிட்டு அப்பா துறைமுகத்துக்குப் போவார்.

நீ எதற்குப் போகிறாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

“என்ஜின் சூடேறணும்ல. நடு வழியில நின்னுட்டா யாரு ஹேண்டில் போடறது?” என்றாள் அம்மா. நியாயமான பதிலாகத்தான் எனக்குப் பட்டது.

இந்தக் கஷ்டத்தை மாமாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மாமா அம்மாவின் தம்பி. ஆர்ச்சர்ட் சாலையில் ஒரு மோட்டார் பட்டறையில் வேலை. ரோச்சோர் கால்வாய்க்குள் பாய்ந்து நொறுங்கிய ஒரு புதுக் காரின் என்ஜினை எப்படியோ பேசி வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அந்த என்ஜினில் காலால் மிதித்தாலே கிளம்புகிற ஸ்டார்ட்டர் இருந்தது. மாமா பழைய என்ஜினை இறக்கிப் புதியதைப் பூட்டினார். அது ஓரளவு சீக்கிரமாக முடிந்தது. ஒயர்கள்தான் அவரைப் படுத்தியெடுத்தன. பழைய என்ஜினுக்கு பேட்டரி என்பதே கிடையாது. புதியதற்கு எல்லாமே பேட்டரியிலிருந்து போக வேண்டும். பொறி கொடுப்பதற்கு ஒரு ஒயர், ஸ்டார்ட்டரைச் சுழற்றுவதற்குத் தடியாக இன்னொன்று, காலடிப் பலகைக்கு அடியில் மிதிக்கிற ஸ்விட்ச்.

அம்மாதான் கூட நின்று ஒயரைப் பிடித்தாள், துணிப்பட்டை சுற்றிக் கொடுத்தாள். “இதைக் கழட்டினா கார் சுத்தமா செத்துடும்க்கா. இந்தத் தடி ஒயரைக் கழட்டினா ஸ்டார்ட்டர் மட்டும்தான் போகும். ஹேண்டில் போட்டா அப்பவும் கிளம்பும்” என்று மாமா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். மிச்சமான செம்புக் கம்பியில் மாமா எனக்கு ஒரு மோதிரம் முறுக்கிக் கொடுத்தார்.

முதல் தடவை மிதித்தபோது புகை வந்தது. மாமா எல்லா ஒயர்களையும் பிரித்து மறுபடி கட்டினார். அடுத்த மிதியில் என்ஜின் உடனே பிடித்துக்கொண்டது. சந்தே கூடி வேடிக்கை பார்த்தது. அப்பா மாமாவின் தோளில் இடது கையைப் போட்டு அழுத்தினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் அம்மா வழக்கம்போலத் தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அப்பா ஏறி உட்கார்ந்து மிதித்தார். கார் கிளம்பியது. “நீ உள்ள போ, தூங்கு. இனிமே உனக்குச் சிரமம் இல்ல” என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டு உள்ளே வந்தாள். தூங்கவில்லை. நேற்றே தேய்த்து வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடி தேய்த்தாள்.

சில நாள் போனது. ஒரு காலையில் அப்பா மிதிக்க மிதிக்க ஸ்டார்ட்டர் மௌனமாக இருந்தது. அம்மா ஹேண்டிலை எடுத்துக்கொண்டு வந்தாள். கார் கிளம்பியது, நடு வழியில் நின்றுவிடக் கூடாது என்று அம்மாவும் ஏறிக்கொண்டாள். சாயங்காலம் மாமா வந்து மிதித்துப் பார்த்தால் முதல் மிதியிலேயே பிடித்தது. மறுநாள் காலை மறுபடியும் மௌனம்.

மாமாவுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. பேட்டரியைச் சுமந்துகொண்டு போய்ச் சோதித்தார். நல்ல ஸ்விட்சைக் கழற்றிவிட்டு வேறொன்றை வைத்தார். துறைமுகத்துக்குத் தாமதமாகப் போய்ச் சவாரியைக் கோட்டைவிட்ட ஒரு நாள் அப்பா, “கால்வாய்த் தண்ணி குடிச்ச என்ஜின் வேற எப்படி இருக்கும், மாப்ளே?” என்று கேட்டுவிட்டார். மாமா எழுந்து போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். அந்த ஞாயிறு அவர் வரவில்லை. அம்மா அவருக்கென்று எடுத்து வைத்த மீன் அப்படியே கிடந்தது.

அந்த வாரம் ஒரு விடிகாலையில் நான் ஒன்றுக்குப் போக எழுந்தேன். அப்பா பின்கட்டில் பல் விளக்கிக்கொண்டிருந்தார். வெளியே அம்மா காரின் கதவைத் திறந்து, காலடிப் பலகையைத் தூக்கி, குனிந்து கையை உள்ளே விட்டு எதையோ திருகிக்கொண்டிருந்தாள். தடி ஒயர் அவள் கையோடு வந்தது. பலகையை மூடிவிட்டுப் புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அவர்கள் ஒரு சுற்றுப் போய்த் திரும்பியதும், அப்பா தண்ணீர் குடிக்க உள்ளே வந்த நேரத்தில், அம்மா ஒயரைப் பழையபடி மாட்டியதையும் பார்த்தேன்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. மாமாவின் வேலையில் ஒரு குற்றமும் இல்லை, பழி மட்டும் அவருக்கு. அன்று சாயங்காலமே பட்டறைக்கு ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாமா ஆத்திரப்படவில்லை.

“கழட்டிட்டு என்ன பண்றாங்க?”

“ஹேண்டில் போடுவாங்க. அப்புறம் ரெண்டு பேரும் பந்தயத் திடலைச் சுத்திட்டு வருவாங்க.”

“தினமுமா?”

“ஸ்டார்ட்டர் நல்லா இருந்தப்போ போகல. இப்பதான் திரும்பப் போறாங்க.”

மாமா ஒரு பழந்துணியால் கைகளைத் துடைத்தார். சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னை சைக்கிளில் முன்னால் உட்காரவைத்து வீட்டுக்கு அழைத்து வந்தார். இப்போது உண்மை வெளிவரும் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

“அத்தான், கண்டுபிடிச்சிட்டேன்” என்றார் மாமா. “ராத்திரிப் பனி ஸ்விட்சுக்குள்ள இறங்குது. வெயில் ஏறினா சரியாயிடும். அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. காலையில மட்டும் அக்காதான் ஹேண்டில் போடணும்.”

நான் வாயைத் திறந்தேன். மாமாவின் கை என் தலைமேல் வந்து உட்கார்ந்தது. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

மாமா எதைச் சொன்னாலும் நாலு குறுக்குக் கேள்வி கேட்கிறவர் அப்பா. அன்று ஒன்றும் கேட்கவில்லை. அடுப்படிப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

“பனின்னா என்ன பண்றது” என்றார். “அவளும் கூட வரட்டும். வழியில நின்னாலும் நின்னுடும்.” சற்றுப் பொறுத்து, “கால்வாய்த் தண்ணின்னு சொன்னதை மனசுல வச்சுக்காதே, மாப்ளே. சாப்பிட்டுட்டுப் போ” என்றார். உள்ளே பாத்திரங்கள் மறுபடி சத்தம் போட ஆரம்பித்தன.

மாமா நான் சொன்னதை நம்பவில்லை என்று எனக்கு வெகுநாள் வருத்தம் இருந்தது. அதற்குப் பிறகு அம்மா காலடிப் பலகையைத் தூக்கவே இல்லை. அப்பாவும் காலையில் ஸ்டார்ட்டரை மிதிக்கவே இல்லை. அம்மா ஹேண்டிலோடு வரும்வரை இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

ஒரு நாள் அவர்களுக்கு முன்பே எழுந்துபோய், பலகையைத் தூக்கி, ஸ்விட்சைத் தடவிப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. அப்பா வந்ததும் பனியே இல்லை என்று விரலைக் காட்டினேன்.

அவர் என் விரலை வாங்கி, வெகு அக்கறையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உள்ள இருக்கும் பாப்பா” என்றார். “கைக்குத் தெரியாது.”