கோமளாவின் அவசர சிகிச்சைப் படிப்பு

குமணன்சாவடியில் டாக்டர் கோமளாவின் கிளினிக் என்றால் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் மூன்று தலைமுறை வந்து போகிற இடம். அங்கேதான் டெய்லர் பாஸ்கரனைத் தூக்கி வந்தார்கள். குளவி கொட்டி முகமெல்லாம் வீங்கியிருந்தது. ஊசி போட்டும் தொண்டை அடைத்துக்கொண்டே வந்தது. குழாய் இறக்கி மூச்சு கொடுக்கலாம். ஆனால் அதற்கு அவளுக்குக் கை பழகவில்லை. ஆட்டோவில் ஏற்றி அனுப்பினாள். வேலப்பன்சாவடி தாண்டுவதற்குள் அவன் போய்விட்டான்.

அதன் பிறகு அவளால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. குடும்ப மருத்துவர்களுக்கான ஓராண்டு அவசர சிகிச்சைப் பயிற்சி நெடுஞ்சாலையோரப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நடக்கிறது என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தாள். பகலில் அங்கே, மாலையில் மட்டும் கிளினிக்.

சேதி கேட்டுப் பாஸ்கரனின் மனைவி நாகவல்லி கிளினிக் வாசலுக்கே வந்தாள். "இன்னாத்துக்கு டாக்டரம்மா இப்போ இந்தப் படிப்பு? எங்க ஊட்டுக்காரரு போய்ச் சேந்தப்புறம்?"

பயிற்சித் தலைவர் அபிஷேக்குக்கு அவளைவிடப் பத்து வயதாவது குறைவு. உயிர் ஊசலாடும் கேஸ் வந்தால் கூடப் படிக்கும் இளைஞர்களைக் கூப்பிடுவான். இறந்துவிட்டால் கோமளாவை.

"மேடம், சொந்தக்காரங்க கிட்ட நீங்களே பேசிடுங்க. உங்களுக்குத்தான் அது நல்லா வரும்."

"நான் ட்யூப் போடக் கத்துக்க வந்தேன் சார்."

"ட்ரெய்னிங் பொம்மையில இன்னும் கொஞ்சம் பழகுங்க."

இப்படியே மாதங்கள் ஓடின. சாவைச் சொல்லிச் சொல்லி அவள் குரல் தேய்ந்தது.

ஒருநாள் லாரி மோதிய ஒருவர் வந்தபோது அபிஷேக் வேறு கட்டிலில் இன்னொரு நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். நர்ஸ் கூப்பிட்டும் அவனால் வர முடியவில்லை. கோமளா, தொண்டையைத் திறந்து பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பைக் கையில் எடுத்தாள். குழாய் இறங்கியது, மார்பு ஏறி இறங்கியது. அந்த ஆள் பிழைத்தார். மறுநாள் கூட்டத்தில், எல்லார் முன்னும், "கேட்காம கை வைக்கற பழக்கம் இங்க வேணாம் மேடம்" என்றான் அபிஷேக்.

ஆண்டு முடிந்தது. சான்றிதழைக் கொடுத்துவிட்டு, உறவினர்களிடம் பேசுவதற்கென்றே ஒரு வேலையும் தருவதாகச் சொன்னார்கள். "அதுக்கு வேற ஆளப் பாருங்க" என்று வந்துவிட்டாள்.

கிளினிக்கில் பழைய கூட்டம் இல்லை. பகலில் பூட்டிக் கிடந்ததைப் பார்த்துப் பாதிப்பேர் வேறு டாக்டரிடம் போய்விட்டார்கள். மூச்சுத்திணறல் என்றால் ஆட்டோக்காரர்களே இங்கே நிறுத்தாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டிவிடுகிறார்கள். அதுதான் சரி என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் ஆட்டோச் சத்தம் கேட்டால் எழுந்து வாசலுக்கு வந்து பார்க்கிறாள்.