நாற்பத்து மூன்று ரஷ்யர்களுக்கு ஒரு அபான்

உள்ளே கொண்டுவந்த கப்பல்கள் 2,306. வெளியே கொண்டுபோய் விட்டவை 2,305. 1977 நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை, சோமாலியாவின் பெர்பெரா துறைமுக பைலட் டீரியே அவாலேயின் நிலவரம் இதுதான். வெளிக்கடலில் காத்திருக்கும் கப்பலில் ஏறி, மணல்திட்டைச் சுற்றி, துறைக்குள் கொண்டுவந்து கட்டுவது அவர் வேலை. சரக்கு ஏறியதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவர்தான். பத்தொன்பது வருடத்தில் உள்ளே வந்து வெளியே போகாதது ஒன்றே ஒன்று. ரஷ்யர்களின் மிதக்கும் பட்டறை. ஒரு கப்பலை அப்படியே தூக்கித் தன் மடியில் வைத்துப் பழுது பார்க்கக்கூடிய இரும்பு மலை. ஐந்து வருடமாகத் துறையின் கிழக்கு மூலையில் நின்றுகொண்டிருந்தது.

அன்று ரேடியோ அறிவித்தது: ரஷ்யர்கள் அத்தனை பேரும் ஏழு நாளில் நாட்டைவிட்டுப் போக வேண்டும்.

டீரியேயின் மனைவி எப்லா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தாள். கணவனை அவர் அப்பா பெயரால்தான் கூப்பிடுவாள்.

"அவாலே மகனே, உன் விருந்தாளிங்களை மூட்டை கட்டச் சொல்லிட்டாங்க. கேட்டியா?"

"கேட்டேன்."

"கேட்டா உக்காரு. எதுக்கு செருப்பைத் தேடற?"

"லுகினைப் பாத்துட்டு வந்துடறேன்."

"உன் மகன் ஹரார் மலையடியில டாங்கி ஓட்டிக்கிட்டிருக்கான். அவனைச் சுடச்சொல்லி எதிராளிக்கு டாங்கி அனுப்பறது யாரு? உன் லுகினோட ஆளுங்க! நீ என்னடான்னா குசலம் விசாரிக்கக் கிளம்பிட்ட."

அவர் கதவோரம் குனிந்து செருப்பைத் தேடினார்.

"கட்டிலுக்கடியில கிடக்கு, பாரு" என்றாள்.

எப்லா சொன்னதில் தவறில்லை. அந்த வருடத் தொடக்கம்வரை ரஷ்யா எங்களுக்கு ஆயுதம் கொடுத்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் எத்தியோப்பியாவுக்கு அமெரிக்காவின் ஆயுதம். ஜூலையில் எங்கள் படை, எத்தியோப்பியாவில் சோமாலிகள் வாழும் ஓகடேனுக்குள் இறங்கியது. அதற்குள் அமெரிக்காவுக்கும் எத்தியோப்பியாவின் புது ஆட்சிக்கும் ஒத்துப்போகாமல் போயிருந்தது. ரஷ்யா அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அமெரிக்கா எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கியது. இத்தனை நடந்தும் ரஷ்யனும் அமெரிக்கனும் ஒருவர்மேல் ஒருவர் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை. செத்ததெல்லாம் நாங்களும் எத்தியோப்பியர்களும். மகன் கூலேத் அக்டோபரில் எழுதிய கடிதத்தில் இப்படி இருந்தது: "அப்பா, எதிர்ல வர்ற டாங்கியும் எங்க டாங்கியும் ஒரே தொழிற்சாலைல செஞ்சது. தூரத்துல பாத்தா நம்ம ஆளான்னே தெரியல. ஒடெஸ்ஸால எனக்குப் பாடம் எடுத்த ரஷ்ய வாத்தியாரு இப்ப அந்தப் பக்கம் வந்துட்டாராம். நான் டாங்கியை எப்படித் திருப்புவேன்னு அவருக்குத் தெரியும்."

அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் டீரியே லுகினைப் பார்க்கப் போனார். ஏன் போனார் என்பதற்கு அவருடைய தாத்தாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தாத்தா ஒரு அபான். ஒட்டகம் கட்டிக்கொண்டு பெர்பெராவுக்கு வரும் அந்நிய வியாபாரிகள் முதலில் காவலுக்கு ஒரு அபானைத் தேடிக்கொள்வார்கள். அவன் அவர்கள் கையால் ஏதாவது வாங்கிக் குடித்துவிட்டால் அவர்கள் அவன் நிழலில் வந்துவிட்டார்கள். அதன்பிறகு அவர்கள்மேல் விழும் அடி அபான்மேல் விழுந்த அடி. அபானின் குலமே திரண்டு, அடித்தவன் குலத்திடம் ஈடாக ஒட்டகம் கேட்டு வரும். ஓர் உயிருக்கு நூறு ஒட்டகம். தாத்தா நாற்பது வருடம் ஆட்களைப் பத்திரமாகக் கொண்டுபோய் விட்டார். ஒருவருக்கும் கீறல் விழவில்லை.

டீரியே இருபது வயதில் மலையிலிருந்து இறங்கி, ஏடன் கப்பல்களில் கரி அள்ளி, கடலைக் கற்று, பைலட் ஆனார். தூரம் அளக்கும்போது இடது கண் பாதி மூடிக்கொள்ளும். பட்டப்பெயர் வைக்காமல் எங்கள் ஊர் யாரையும் விடாது. அவர் அரைக்கண் ஆனார். தாத்தாவின் வழக்கத்தை அவர் கடலுக்குக் கொண்டுபோனார். எந்தக் கப்பலில் ஏறினாலும் முதலில் கேப்டன் கையால் தேநீர். குடித்து முடித்ததும், "இனி நீ என் பொறுப்பு" என்பார். கிரேக்கர்கள் சிரித்தார்கள். ஒரு ஜப்பானிய கேப்டன் எழுந்து குனிந்து வணங்கினார். 1972இல் பட்டறையின் தலைவர் லுகின், வெயிலில் சிவந்து பின்னால் ஊருக்குத் 'தக்காளி' ஆனவர், தேநீரில் பழப்பாகு கலந்து கொடுத்தார்.

"இது என்ன, இருமல் மருந்தா?" என்று கேட்டார் டீரியே. ஆனால் குடித்தார்.

இப்போது லுகின் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஐந்து வருடத்தில் கற்ற சோமாலியில் கேட்டார்:

"நீ வருவியா? இல்ல, நாங்களே போகணுமா?"

"மணல்திட்டு முனையில எங்க திருப்பணும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் என்ன கேள்வி? சனிக்கிழமை காலையில வரேன்."

புதன்கிழமை சமதர் வந்தான். துறைமுகத்தில் ஆளுங்கட்சிக் குழுவின் பொறுப்பாளன். முன்பல் இடுக்கில் காற்று போவதால் ஊருக்கு 'விசில்'. டீரியே பைலட் படகின் கயிற்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, பட்டறையை நீங்கதான கொண்டுபோறீங்க?"

"பின்ன நீயா?"

"தாராளமாக் கொண்டுபோங்க. ஆனா திட்டு முனையில கொஞ்சம் காத்து அடிச்சதுன்னு வைங்க... அவ்வளவு பெரிய பொருள். திரும்பறதுக்கு ஒரு நிமிஷம் லேட்டானா மண்ணுல உக்காந்துரும். காத்து மேல யாரு கேஸ் போடப்போறா? பட்டறை நமக்கு. இல்லன்னா அது நேரா செங்கடல்ல எதிராளிக்கு இருக்கற தீவுக்குத்தான் போவுது. கூலேத்தைச் சுடற கப்பலை அங்க ரிப்பேர் பாப்பாங்க."

"கப்பல் மலை ஏறி வந்து கூலேத்தைச் சுடுமா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"உள்ள இருக்கற நாப்பத்து மூணு பேரு?"

"கெடு முடிஞ்சும் இங்க இருந்தா கைதிங்க. அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் அவங்க தேத்தண்ணி குடிச்சவன்டா."

"அஞ்சு வருஷம் முன்னாடி குடிச்சதா? அது இந்நேரம் மூத்திரமாப் போயி கடல்ல கலந்திருக்கும்! இந்த அபான் கதையெல்லாம் விடுங்க. குலம் பேசினா ஜெயில். தெரியுமில்ல?"

தெரியாமல் என்ன? ஆறு வருடத்துக்கு முன்பு அரசாங்கம் குலவெறிக்குக் கொடும்பாவி செய்து மைதானத்தில் புதைத்துவிட்டது. யாரும் யாரையும் எந்தக் குலம் என்று கேட்கக்கூடாது. நாலு பேர் நடுவில் வம்சம் சொன்னாலும் உள்ளே வைத்துவிடுவார்கள். அதற்காக எங்கள் ஆட்கள் கேட்காமல் இருந்துவிடவில்லை. "உன் முன்னாள் என்ன?" என்று, குலம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டார்கள்.

"முனையில பட்டறை தப்பிச்சுதுன்னா உங்க லைசென்ஸ் தப்பிக்காது, சித்தப்பா" என்றான் சமதர்.

"லைசென்ஸ் உன் கையில. பட்டறை என் கையில. போய் வேலையைப் பாருங்க, தோழர் விசில்."

வாய் அப்படிப் பேசிவிட்டது. மனம் அவ்வளவு திடமாக இல்லை. வீட்டில் தட்டில் வைத்த ரொட்டி ஆறிக் கிடந்தது. ஒரு நிமிடம் தாமதித்தால் போதும். கை நீட்ட வேண்டியதில்லை, பொய் சொல்ல வேண்டியதில்லை. எதிராளிக்கு ஒரு பட்டறை குறையும். அதனால் கூலேத்துக்கு என்ன குறையும், என்ன கூடும்? அவருக்குத் தெரியவில்லை.

"நான் என்ன பண்ணட்டும், எப்லா?"

"என்னைக் கேக்காத. கூலேத்தோட அம்மாவைக் கேட்டா ஒரு பதில் வரும். அபான் பொண்டாட்டியைக் கேட்டா வேற பதில் வரும். நாலு நாளா அவங்க ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல."

சனிக்கிழமை காலை அவர் ரஷ்யர்களின் குடியிருப்புக்குப் போனபோது வாசலில் ஒரு ரஷ்ய அதிகாரி மறித்தார். சோமாலி பைலட் வேண்டாம், இவன் வேண்டுமென்றே மண்ணில் ஏற்றிவிடுவான் என்றார். லுகின் அவரிடம் ரஷ்ய மொழியில் கத்தினார். முகம் பட்டப்பெயருக்குப் பொருத்தமாக இருந்தது. அதிகாரி விலகினார்.

"வெளிய ஆளுங்க கல்லு வெச்சிருக்காங்க. லாரி கேட்டேன். குடுக்கல" என்றார் லுகின்.

"அறுநூறு அடிக்கு லாரி எதுக்கு? நட."

படகுத்துறைக்குப் போகும் பாதையின் இருபுறமும் இருநூறு பேர். முன்வரிசை ஓரத்தில் சமதர், கையில் நோட்டுப் புத்தகம். அவன் யாரையும் ஏவவில்லை, யாரையும் தடுக்கவும் இல்லை. டீரியே முன்னால் நடந்தார். தன் காவலில் வருபவர் என்பதற்கு அடையாளமாக, கைத்தடியைப் பின்னால் நீட்டி அதன் முனையை லுகினின் தோளில் வைத்திருந்தார். நாற்பத்து மூன்று பேரும் பின்னால். முதல் கல் டீரியேயின் காலடியில் விழுந்து உருண்டது.

அவர் நின்றார்.

"எறிங்கப்பா, யாரு வேணாம்னா? ஆனா இவங்க என் நிழல்ல வர்றவங்க. ஒருத்தன் மண்டை உடைஞ்சாலும் நான் ஒட்டகம் கேட்டு வரணும். எந்த வீட்டுக்கு வரணும்னு தெரிய வேண்டாமா? அதனால எறியறவன் முதல்ல முன்னால வா. உன் பேரு, அப்பன் பேரு, பாட்டன் பேரு, அப்படியே பதினஞ்சு தலைமுறையும் சத்தமாச் சொல்லு. சொல்லிட்டு எறி. தோழர் சமதர் நோட்டோடதான் நிக்கறாரு. எழுதிக்குவாரு."

எங்கள் ஊரில் ஆறு வயதுப் பிள்ளைக்கும் தன் வம்சம் தலைகீழாகத் தெரியும். அதைச் சமதரின் முன்னால் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெயர் சொல்லாமல் எறிந்தால் கோழை. சொல்லிவிட்டு எறிந்தால் கைதி. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது:

"சித்தப்பா, 'முன்னாள்' சேத்துச் சொன்னா ஆகாதா?"

சிரிப்பு வெடித்தது.

"இது சட்டவிரோதம்!" என்று சமதர் கத்தினான். கத்திய வேகத்தில் பல்லிடுக்கு நீளமாக விசில் அடித்தது. யாரோ திருப்பி விசில் அடித்தார்கள்.

"நான் எங்கப்பா வம்சம் பேசினேன்? அவங்களைத்தான சொல்லச் சொன்னேன்?" என்றார் டீரியே.

கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. பாதை திறந்தது. மீன்காரர் ஹாந்துலே மட்டும் நகரவில்லை. அவருடைய தம்பி செப்டம்பரில் ஜிஜிகா சண்டையில் செத்துப்போயிருந்தார். முஷ்டி அளவு கல் கையில் இருந்தது.

"என் தம்பிக்கு யாருடா அபான்?"

டீரியே இரண்டடி வைத்து அவர் எதிரில் போய் நின்றார்.

"யாரும் இல்ல, ஹாந்துலே. அவனுக்கு யாருமே இல்ல."

ஹாந்துலே கல்லைக் கீழே போடவில்லை. ஆனால் ஓரமாக நகர்ந்துகொண்டார். நாற்பத்து மூன்று பேரும் தலைகுனிந்து அவரைக் கடந்து போனார்கள்.

இரண்டு இழுவைக் கப்பல்கள் பட்டறையை மெல்ல அசைத்தன. டீரியே முதல் இழுவைக் கப்பலின் மேல்தளத்தில் நின்றார்; பக்கத்தில் லுகினும், வாசலில் மறித்த அதிகாரியும். சமதர் சொன்ன காற்று வராமல் இல்லை. வடகிழக்கிலிருந்து வந்து பட்டறையின் சுவர் போன்ற பக்கத்தில் முட்டித் தள்ளியது. முனையில் திரும்ப வேண்டிய இடத்துக்கு ஓர் அடையாளம் உண்டு. கலங்கரை விளக்கும் பழைய பள்ளிவாசலின் மினாராவும் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே கோட்டில் வர வேண்டும். முன்பும் கூடாது, பின்பும் கூடாது.

அவருடைய இடது கண் பாதி மூடியது. மினாரா விளக்கை நோக்கி நகர்ந்தது. சட்டைப் பையில் கடிதம் வியர்வையில் நனைந்திருந்தது. லுகின் கடலைப் பார்க்கவில்லை, டீரியேயின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மினாரா விளக்கைத் தொட்டது. விளக்குக்குப் பின்னால் மறைந்தது.

"இப்ப! முழுசாத் திருப்பு!"

கயிறுகள் முறுகின. பட்டறையின் பின்பக்கம் திட்டை நோக்கிச் சரிந்தது. தண்ணீர் கலங்கிச் சேறாகியது. இருபது அடி இடைவெளியில் மண்ணைத் தாண்டியது. அதிகாரி உட்கார்ந்துவிட்டார்.

வெளிமிதவை அருகே டீரியே ஏணியில் கால் வைத்தார்.

"உன் பையன் நல்லாவே ஓட்டுவான். எங்க ஊர்ல படிச்சவன்" என்றார் லுகின்.

"எதிராளியும் இப்ப உங்க வாத்தியாருங்ககிட்டதான் படிக்கிறான், லுகின். அதான் பயமே."

டீரியே பைலட் படகில் இறங்கினார்.

படகுத்துறைப் பாதையில் நடந்தது அவர் வீட்டுக்கு வருவதற்கு முன்பே எப்லாவுக்கு வந்து சேர்ந்திருந்தது. "பதினஞ்சு தலைமுறையா கேட்ட? உனக்கே பன்னெண்டுக்கு மேல தடுமாறும்" என்று சொல்லிவிட்டு இறைச்சியைச் சுடவைத்தாள்.

திங்கட்கிழமை டீரியேயின் உரிமம் பறிக்கப்பட்டது. ஏற்றுமதியாகும் ஆடுகளைக் கப்பலுக்கு ஓட்டிவிடும் வேலையில் போட்டார்கள். ஆடுகளுக்குத் தேநீர் போடத் தெரியாததுதான் குறை என்று அவரே சொல்லிச் சிரித்தார். எங்கள் படை தோற்றுத் திரும்பிய 1978 மார்ச்சில் கூலேத் டாங்கியை எல்லைக்கு அப்பால் விட்டுவிட்டு, கடைசிப் பதினொரு நாள் நடந்தே ஊர் வந்து சேர்ந்தான். 1980 ஆகஸ்டில் பெர்பெராவைப் பயன்படுத்திக்கொள்ள அமெரிக்காவுடன் ஒப்பந்தம் ஆனது. அடுத்த மாதம் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்து, வெளிக்கடலில் காத்திருந்த ஓர் அமெரிக்கக் கப்பலை உள்ளே கொண்டுவர டீரியேயை அனுப்பினார்கள். ஏறியதும் அவர் முதலில் கேட்டது கேப்டன் கையால் தேநீர்.