கடப்படியில் கிடந்த தகடு

பாடசாலையில் நான் படிப்பிப்பது அளவையியலும் விஞ்ஞானமுறையும். ஒன்றுக்குப் பின்னால் இன்னொன்று நடந்துவிட்டது என்பதற்காக முன்னதுதான் பின்னதுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இதை உயர்தர மாணவர்களுக்கு வருடந்தோறும் சொல்லி வருகிறேன். எங்கள் வீட்டில் நடந்த ஒன்றுக்குப் பிறகு, அதைச் சொல்லும்போது என் குரல் முன்போல் உரத்து எழுவதில்லை.

செட்டிபாளையத்தில் ஒரு பழைய வீட்டை வளவோடு வாங்கிக் குடிவந்திருந்தோம். ஓலை வேலியைப் பிரித்துவிட்டு மதில் கட்டத் தொடங்கியபோது பக்கத்து வீட்டு அக்காவோடு வாய்த்தர்க்கம் வந்தது. அத்திவாரம் தன் பக்கம் ஏறிவிட்டது என்றார். அளந்து பார்த்தோம். அவர் சொன்னது சரி. மதிலைத் தள்ளிக் கட்டினோம். கணவரை இழந்து தனியாக இருப்பவர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார், மற்ற நாட்களில் மட்டக்களப்பு நகரில் ஒரு மருந்துக் கடையில் வேலை. மதில் முடிந்ததும் ஒரு சட்டி நண்டுக் கறியோடு வந்தார். கோபம் தீர்ந்தது என்று சொல்ல அது ஒரு வழி என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கறியைச் சாப்பிட்ட என் மனைவி வயிற்றைப் பிரட்டிச் சத்தி எடுத்தார். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் சத்தி நின்றுவிட்டது. ஆனால் அதன் பிறகு அவர் முன்னைய ஆளாக இல்லை. வாசல் கூட்டுவதற்குள் களைத்துப் போவார். முகம் ஊதியது, சீப்பில் முடி கற்றையாய் வந்தது, வெயிலில் நின்றுகொண்டே குளிருது என்பார். பக்கத்து டொக்டர் தந்த குளிசைகள் எதற்கும் உதவவில்லை.

களுதாவளையிலிருந்து மனைவியின் அக்கா வந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"நண்டுக் கறிக்குப் பிறகுதானே இதெல்லாம் தொடங்கின?"

"ஓம் அக்கா. அதுக்காக அதாலதான் எண்டு சொல்லேலாது."

"உங்கட படிப்பப் பள்ளிக்கூடத்தில வெச்சிட்டு வாங்க தம்பி. மதில் சண்டை பிடிச்ச ஒருத்தி கறி கொண்டு வந்து தாறாள் எண்டா, சும்மாவா தருவாள்?"

சூனியம் என்ற சொல்லை அவர் உச்சரிக்கவில்லை. அவர் போன பிறகு நான் கிணற்றடியில் நின்று சிரித்தேன் என்றுதான் சொல்ல ஆசை. நடந்தது அதுவல்ல. பக்கத்து வீட்டு அக்கா மருந்துக் கடையில் வேலை செய்கிறவர் என்பது திடீரென்று என் நினைவில் வந்து நின்றது. குளிசைகளோடு பழகிய கை. எதையும் பொடி செய்து கலக்கலாம். சூனியத்தை நம்பாத என் மூளை, அதே சந்தேகத்துக்கு வேறொரு சட்டையைப் போட்டுவிட்டுத் தன்னை அறிவாளி என்று நினைத்துக்கொண்டது.

அடுத்த கிழமை மனைவியின் அக்கா ஒரு பூசாரியாரைக் கூட்டி வந்தார். நான் தடுக்கவில்லை, மனைவி விரும்பினார். வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க, அமைதியான மனிதர். கையில் பிரம்பு. வளவைச் சுற்றி நடந்து, வாசற் படலை இருக்கும் கடப்படிக்கு வந்ததும் நின்றார். பிரம்பை நிலத்தில் ஊன்றினார்.

"இதில கிண்டுவம்."

அவரே அலவாங்கை வாங்கிக் கிண்டினார். எனக்கு மண்ணில் கவனமில்லை. அவருடைய வேட்டி மடிப்பையும் இடது கையையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படியும் எதையோ எடுக்கத்தான் போகிறார், அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பிடித்துவிட வேண்டும். முழங்கை ஆழத்தில் அவர் குனிந்தார். ஒரு கணம் அவருடைய முதுகு என் பார்வையை மறைத்தது. நிமிர்ந்தபோது கையில் சுருட்டிய செம்புத் தகடு, பச்சை பிடித்துப் போய், மண்ணோடு.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். நான் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்தேன். பூசாரியார் மறுக்கவில்லை. தகட்டை ஒரு சிறு மண்முட்டியில் போட்டுச் சிவப்புத் துணியால் கட்டினார்.

"ஆர் செஞ்சது ஐயா?" என்றார் அக்கா.

"நான் பேர் சொல்ல மாட்டன். கிட்டடியில உள்ள கைதான்."

மனைவியின் கையில் நூல் கட்டிவிட்டு, முட்டியை வாவியில் விடுவதாகச் சொல்லி எடுத்துப் போனார்.

கிட்டடி என்றால் எங்களுக்கு ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அதன் பிறகு படலையைச் சாத்தி வைத்தோம். அந்த அக்கா தந்த மாங்காய்களை மனைவி குப்பைக் கிடங்கில் கொட்டினார். ஒரு பின்னேரம் மதிலுக்கு மேலால் அவருடைய முகம் தெரிந்தது.

"தங்கச்சிக்கு எப்பிடி இருக்கு சேர்?"

"பரவாயில்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

பூசாரியார் எங்களை ஏமாற்றிப் பேய்க்காட்டிவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அதை நிறுவிவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவின் பெயரும் சுத்தமாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது பூசாரியாரை வெல்வது. படத்தைத் திறந்து பெருப்பித்துப் பார்த்தேன். மடியிலிருந்து எடுத்த தகடு என்றால் மண் வெறும் பூச்சாகத்தான் இருக்கும்.

தகட்டுச் சுருளின் ஒரு முனைக்குள் ஒரு வேர் நுழைந்து மறு முனையால் வெளியே வந்திருந்தது. கடப்படி ஓரத்தில் நின்ற வேம்பின் வேர். வெளியே வந்த இடத்தில் அது தடித்து, செம்பை நெளித்திருந்தது. அறுபட்ட நுனி ஈரமாக, வெள்ளையாக இருந்தது.

அந்தப் படத்தை எத்தனையோ தடவை பெருப்பித்தேன். வேர் நூலாக மாறிவிடும் என்று நம்பியவன் போல. ஓர் ஊகத்தை வைத்திருப்பவர் அதை எது உடைக்கும் என்றும் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பது என் பாடக் குறிப்பில் இருக்கிற வாசகம். என் ஊகம் உடைந்து கிடந்தது. அந்த வேர் தடிக்கப் பல வருடங்கள் ஆகியிருக்கும். நாங்கள் குடிவந்தது நேற்றுப் போல. அப்படியானால் அது எங்களுக்காக வைத்ததே அல்ல.

வீட்டை எங்களுக்கு விற்றவர் வவுணதீவில் மகளோடு இருந்தார். ஓய்வுபெற்ற தபால் அதிபர். சனிக்கிழமை பஸ் ஏறி நகரத்துக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் பாலத்தைக் கடந்து போனேன். முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தவரிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது நான் மண்ணில தாட்டதுதானே. வீடு கட்டக்க வெச்ச காவல் தகடு. கெட்டது ஒண்டும் உள்ள வராம இருக்க." பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அத ஏன் சேர் கிண்டினீங்க? எங்க இப்ப?"

"வாவியில விட்டாச்சு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, இரக்கம் இருந்தது.

"வீட்ட விக்கக்க ஏன் எனக்குச் சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"நீங்க இதுகள நம்பாத ஆள் எண்டு தரகர் சொன்னவர். சிரிப்பீங்க எண்டு விட்டுட்டன்."

திரும்பி வரும் பஸ்ஸில் மனம் ஓயவில்லை. மனைவியின் அக்கா அந்தத் தகட்டைச் சூனியமாகக் கண்டார். நான் மோசடியாகக் கண்டேன். அதை வைத்தவருக்கு அது காவல். பூசாரியார் அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பழைய வீடுகளின் கடப்படியில் இப்படி ஒன்று இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கலாம். அதுவும் என் ஊகம்தான்.

அதைவிடப் பெரிய கேள்வி, வீட்டில் எதைச் சொல்வது என்பது. உண்மையைச் சொன்னால், காவலைப் பிடுங்கி எறிந்துவிட்டோம் என்ற புதுப் பயம் சுகமில்லாத மனுசியைப் பிடிக்கும். பழைய குப்பை என்று பொய் சொன்னால் எல்லாம் அமைதியாகும். ஆனால் பொய்யால் காப்பாற்றிய ஒருவரின் நல்ல பெயர் அடுத்த காய்ச்சல் வரைக்கும்தான் தாங்கும் என்று பட்டது. சொல்லிவிட்டேன்.

தொலைபேசியில் அக்கா அலறினார். "ஐயோ, காவல எடுத்து எறிஞ்சு போட்டமே! வேற ஒண்டு கடப்படியில தாக்கோணும்."

"ஒண்டும் வேணாம் அக்கா," என்று மனைவி அழைப்பை நிறுத்தினார். அவர் பயந்ததாகத் தெரியவில்லை. "இஞ்சாருங்க, நான் மாங்காயக் கொட்டினத பக்கத்து வீட்டு அக்கா கண்டவ," என்றார்.

அந்த வாரமே நகரத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்து இரத்தம் எடுக்கச் சொன்னார். தைரொயிட் குறைவு என்று வந்தது. கன காலமாக மெல்ல மெல்ல வந்திருக்கும் என்றார். வெளியே வந்ததும் மனைவி நின்றார். மதிலுக்குக் கல் இறக்கிய நாட்களிலேயே தன் தலைமுடி கொட்டியது இப்போதுதான் ஞாபகம் வருகிறது என்றார். நண்டுக் கறிக்கு முன்னால். அவருக்கு நண்டு ஒத்துக்கொள்ளாமல் போன அந்த ஒரு நாளைத்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம் என்று நாங்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டிருந்தோம்.

இருவருமாகப் பக்கத்து வீட்டுக்குப் போனோம். அந்த அக்கா கதிரை எடுத்துப் போட்டார், தேத்தண்ணி தரவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றார். "ஊர்க் கடையில கதைச்சாங்க. உங்கட அக்கா சொன்னதாம்."

மனைவி அழத் தொடங்கினார். அவர் மனைவியின் தோளில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார். "உங்கட அக்காவுக்கு அது சூனியம். நீங்க படிச்ச ஆள் சேர். நீங்க கறிக்குள்ள மருந்து எண்டு நெனச்சிருப்பீங்க. என்ன?"

நான் மதில் பக்கம் பார்த்தேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டார்.

குளிசையில் மனைவி மெல்ல மெல்லத் தேறினார். நூலையும் அவர் கழற்றவில்லை, நானும் கேட்கவில்லை. படலை திறந்தது, மதிலுக்கு மேலால் பேச்சும் தொடர்ந்தது.

நத்தார்ப் பெருநாளுக்கு அந்த அக்கா பலகாரத் தட்டோடு வந்தார். தட்டை நீட்டுவதற்கு முன் கேக்கில் ஒரு துண்டைப் பிய்த்து, எங்கள் கண் முன்னால் வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"ஏன் அக்கா இப்பிடி?" என்றார் மனைவி.

"சும்மா. ருசி பாக்கத்தான்."

இப்போது எது கொண்டு வந்தாலும் அப்படித்தான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டோம். புன்னகை மாறாமல் ஒரு வாய் தின்றுவிட்டுத்தான் தருகிறார். அது எங்களைத் தண்டிக்கவா, தன்னைக் காத்துக்கொள்ளவா என்று நான் யோசிக்கத் தொடங்கும்போதே மனைவி கையை நீட்டித் தட்டை வாங்கிவிடுகிறார்.