ஹோல் சுவரில் ஓர் ஆறு

1. மதிய இடைவேளையில் மழை பிடித்துக்கொண்டதால் ஓர் ஓவியக்கூடத்துக்குள் ஒதுங்கினேன்.
2. அங்கே, நாங்கள் புலம்பெயர்ந்து குடியேறிய பிளேஸ்டோவில் எங்கள் வீட்டு ஹோலில் தொங்கும் படத்தின் மூலத்தைக் கண்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த எண்ணெய் ஓவியம்: அசையாத ஆறு, கரையில் மாடுகள், கனத்த மேகம்.
3. வேலைக்குப் பிந்திப் போனேன்.

எங்களுடையது முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன அச்சுப் பிரதி. எண்பதுகளில் அந்த ஹோலில் மண்ணெண்ணெயில் எரியும் பரபின் ஹீட்டரும் ஈரக் கோட்டுகளும் மணக்கும். சனிக்கிழமைகளில் அம்மா பழைய பேப்பரால் படத்தின் கண்ணாடியைத் துடைப்பார்.

யாழ்ப்பாணத்திலேயே தங்கிவிட்ட என் அண்ணை காணாமல்போய் ஒரு வருடமானபோது மாமா வந்தார்.

"அக்கா, இந்த மாட்டுப் படத்தைக் கழட்டிப்போட்டுப் பெடியன்ர படத்தை மாட்டுங்கோ. ஒரு விளக்காவது கொளுத்தலாம்."

"ஏலாது. விளக்கு வைச்சா அவன் செத்திட்டான் எண்டு நானே சொன்ன மாதிரியெல்லே."

"அப்ப மாட்டுக்குத்தான் பூசையோ?"

"ஓம், அதுகள் மேயட்டும். நீ தேத்தண்ணியைக் குடி."

மாமா சிரிக்கவில்லை. அப்பா அந்த ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அப்பா சென்ற மார்கழியில் காலமானார். எட்டாம் நாளே அவருடைய படத்தை அம்மா எதிர்ச் சுவரில் மாட்டி, மாலை போட்டு, விளக்கும் வைத்தார். அண்ணையின் படம் இன்னும் அலுமாரியில், சேலைகளுக்கு நடுவே இருக்கிறது.