மார்பளவு பார்த்து ஜாக்கெட் வாங்கிய ஏட்டையா

போன வாரம் காலையில் தறிக்குப் பாவு ஏற்றிக்கொண்டிருந்தபோது மம்சாபுரத்திலிருந்து போன். வேலுச்சாமி ஏட்டையா இறந்துவிட்டார். "கடல்லயா?" என்றுதான் முதலில் கேட்டேன். "இல்ல சித்தப்பா, காப்பி குடிச்சுட்டுச் செத்த நேரம் படுத்தாரு. எந்திரிக்கல" என்றான் அவர் மகன். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதி. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவரோடு கடலுக்குப் போனவர்களுக்கு அது புரியும்.

போலீஸில் சேர்ந்து, கடைசிப் பத்து வருடம் கடலோர ரோந்துப் படகில் இருந்து ஓய்வு பெற்றவர். நானும் ராஜபாளையத்து நண்பர்கள் இரண்டு பேரும் சேர்ந்து, லீவு நாளில் கடலில் சுற்றிவர வேம்பார் கடற்கரையில் ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கியபோது, துணைக்கு அவரைத்தான் பிடித்தோம். மலையைப் பார்த்து வளர்ந்த எங்களுக்குக் கடல் என்றால் கொஞ்சம் பெரிய கண்மாய், அவ்வளவுதான்.

நான் செட்டியார்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவன். லைஃப் ஜாக்கெட் வாங்கப் போன கடையிலும் துணியைத்தான் தடவிப் பார்த்தேன். வழுவழுப்பான நீலத்தில், எல்லாமே பெரிய சைஸாக ஐந்து எடுத்தேன். வளர்கிற பிள்ளைக்கு யூனிஃபார்ம் எடுக்கிற புத்தி. யார் வந்தாலும் போட்டுக்கொள்ளலாம், சேலைக்கு மேலும் மாட்டலாம் என்று கணக்குப் போட்டேன். ஏட்டையா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏலே, கடலும் நீலம், இதுவும் நீலம். நீ விழுந்தா உன்னைய நான் எங்கனலே தேடுறது?"

பேச்சோடு விடவில்லை. எங்களையெல்லாம் தன் தோட்டத்துக் கிணற்றுக்குக் கூட்டிப் போனார். என் மனைவி சரோஜாவுக்கு நீச்சல் தெரியாது. ஜாக்கெட்டை மாட்டி, கக்கத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அவளைப் படியிலிருந்து மெல்ல இறக்கச் சொன்னார். ஜாக்கெட் நன்றாகத்தான் மிதந்தது. அவள்தான் அதற்குள்ளேயே வழுக்கிக்கொண்டு கீழே போனாள். காதுக்கு மேல் ஜாக்கெட், மூக்கு வரை தண்ணீர். அவசரமாகக் கயிற்றை இழுத்துக் கரையேற்றினோம்.

"பாத்தியா? ஆளுக்குத் தக்கன மார்பளவு பாக்கணும். தோளைப் பிடிச்சுத் தூக்குனா தாடைக்கு மேல ஏறக் கூடாது. தொடைக்கு நடுவுல மாட்டுற பெல்ட்டும் வேணும்" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "தங்கச்சி, சேலையில அந்த பெல்ட்டு மாட்ட முடியாது. கடலுக்கு வாரதுன்னா சுடிதார் போட்டுக்கம்மா" என்றார். கல்யாணமான நாளிலிருந்து சேலை மட்டுமே கட்டியவள் கூனிக்குறுகிப் போனாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீரு பயந்தாங்கொள்ளிப் போலீஸுய்யா" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். மறுநாள் அவரே நீலத்தைத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொருவர் அளவுக்கும் ஆரஞ்சு நிறத்தில் வாங்கி வந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு விசிலைக் கட்டினார். கரையிலேயே போட்டுக்கொள்ளாதவரைப் படகில் ஏற்றவே மாட்டார். "பெட்டிக்குள்ள கெடந்தா அது கடலுக்குச் சொந்தம். உன் மேலுல கெடந்தாத்தான் உனக்கு" என்பார்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். இடது பக்கம் டால்பின்கள் துள்ளின. "எந்திரிக்காதீங்கலே!" என்று ஏட்டையா கத்தி முடிப்பதற்குள், ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேர் பார்க்க ஓடுகிற மாதிரி எல்லோரும் ஒரே பக்கம் பாய்ந்தோம். படகு கவிழ்ந்துவிட்டது.

மேலே வந்ததும் தலைகளை எண்ணினேன். ஏட்டையா, நண்பர்கள் இரண்டு பேர். சரோஜாவைக் காணோம். என் உயிர் என்னிடம் இல்லை. அப்போது ஒரு அலைக்குப் பின்னாலிருந்து விசில் கேட்டது. எங்கள் மகளிடம் இரவல் வாங்கிய சுடிதாரில், முகம் முழுக்க வெளியே தெரிய, அவள் மிதந்துகொண்டிருந்தாள். ஆரஞ்சு நிறத்தைப் பார்த்து மீன்பிடிப் படகு ஒன்று வந்து எங்களைத் தூக்கியது. தூக்கிய பிறகும் அவள் விசிலை நிறுத்தவில்லை. "போதும் தங்கச்சி, வந்துட்டாங்க" என்று ஏட்டையாதான் மெல்ல வாங்கி வைத்தார்.

கரையில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "நீ சொன்னதுல தப்பில்லலே" என்றார். "ரோந்துல இருக்கையில ஒரு நா பெரிய சைஸு ஜாக்கெட்டு ஒண்ணு மட்டும் மெதந்து வந்துச்சு. ஆளு வரல. அதுக்குப் பொறவு நான் பயந்தாங்கொள்ளிதான்." அவர் இருக்கும்போதே அந்த மன்னிப்பைக் கேட்டுவிட்டேன். இப்போது அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருக்கிறது தெரியுமா?

அவர் நினைவாக ஏதாவது வைத்திருக்கிறாயா என்று துக்கத்துக்கு வந்த ஒருவர் கேட்டார். சேர்ந்து எடுத்த போட்டோகூட இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து, தலைமுழுகி, சரோஜா ஈரத்தலையோடு இட்லி எடுத்து வைத்தாள். சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன அப்படிப் பாக்கீக?"

"ஒண்ணுமில்ல" என்றேன். ஏட்டையா எனக்கு விட்டுவிட்டுப் போனது அவளைத்தான்.