ரோசலின் அக்கா கொடுக்க மறுத்த பை

ரோசலின் அக்கா இறந்துபோய்விட்டார் என்று சிங்கப்பூர் பூன் லேயிலிருந்து அவர் தங்கை தொலைபேசியில் சொன்னபோது, நான் முதலில் கேட்டது, “மாத்திரையை நிறுத்திட்டாங்களா?” என்பதுதான். ஆமாம், நிறுத்திவிட்டாராம். யார் சொல்லி அவர் கேட்டிருக்கிறார்?

தேவாலயத்தில் அவரோடு பழகிய உங்களுக்கு அந்தப் பிடிவாதம் தெரியும். ஆனால் மாரத்தான் ஓட்டத்தில் குண்டு வெடித்த ஆண்டில் நடந்ததை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

நாங்கள் இருவரும் ஒரே தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்த்தோம். ஓடுகிறவர்களின் பைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்ற அக்கா, “டிகிரி படிச்ச பிள்ளைதானே, வந்து பேர் எழுது” என்று என்னையும் இழுத்துப் போனார். டோக்கனைக் காட்டினால்தான் பை. முடிவுக்கோட்டருகே குண்டு வெடித்ததும் எல்லோரும் போட்டது போட்டபடி ஓடினோம். போலீசார் சோதித்துத் தந்த பைகளை மறுவாரம் சமூக மன்றத்தில் திருப்பிக் கொடுத்தோம்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. அதற்குச் சொந்தக்காரரான கிளமெண்டிப் பகுதி இளைஞர் குண்டில் காயப்பட்டு, நினைவில்லாமல் மருத்துவமனையில் கிடந்தார். அவருடைய அம்மா வந்தார். “அவன் சட்டையவாவது குடுங்கம்மா” என்றார். அக்கா பையைக் காலால் மேசைக்கடியில் தள்ளினார். “அவரே வந்து வாங்கிக்கட்டும்.”

அந்த அம்மா அழுதுகொண்டே போனார். அதிகம் பேசாத நான் திரும்பும் வழியில் பேருந்தில் பொரிந்து தள்ளினேன். பெற்றவளிடம்கூடக் கொடுக்க மாட்டேன் என்பதா? அக்கா சன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னார்:

“எங்க வீட்டுக்காரர் செம்பவாங் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போனாரு. சட்டை மட்டும்தான் வீட்டுக்கு வந்துச்சு, அவரு வரல. நான் கைய நீட்டி வாங்கிட்டேன்.”

இதை அந்த அம்மாவிடமே சொல்லியிருக்கலாமே என்றேன்.

“சொன்னா பயந்துருவாங்க லா.”

இப்படிப்பட்டவரோடு என்ன பேசுவது?

மூன்று மாதம் கழித்து அந்த இளைஞர் ஊன்றுகோல்களோடு, அக்கா பையை எடுத்து வைத்திருந்த எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். “டோக்கன் எங்க?” தொலைந்துவிட்டது என்றார் அவர். இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கிய பிறகே பை வெளியே வந்தது. அவர் போனதும் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார், தானே பிழைக்க வைத்தது போல.

பிழைக்க வைத்தவர்கள் மருத்துவர்கள். சட்டையை அன்றே கொடுத்திருந்தாலும் அவர் பிழைத்திருப்பார். மதியச் சாப்பாட்டின்போது இதை நான் எத்தனையோ முறை சொன்னேன். அவர் ஒருமுறையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அப்படி மல்லுக்கட்டிப் பழகித்தான், இப்போது மேலாளரிடமே “இது தப்பு” என்று சொல்கிறேன். குரல் நடுங்குகிறது, சொல்லிவிடுகிறேன். அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அது.

பை விஷயத்தில் இன்றும் நான் சொன்னதுதான் சரி. இல்லை என்று சொல்லத்தான் அவர் இல்லை.